கையுயர்த்தியவர்களின் போத்தல்கள்

1986 மார்ச் 15, சனிக்கிழமை, மாலை ஏழு மணி. மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. டென்மார்க்கில் நான் குடியிருந்த கோல்டிங்கிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடத் தொலைவிலிருந்த சிற்றூரின் பியர் தொழிற்சாலை அன்று தன் பங்குதாரர்களைக் கூட்டியிருந்தது. பங்குதாரர்கள் என்றால் ஊர்க்காரர்தான்: இறைச்சிக் கடைக்காரர், ஆசிரியர், பன்றி வளர்ப்பவர்கள். அக்கம்பக்கத்துச் சிறிய தொழிற்சாலைகளை வாங்கி வாங்கி மூடிவந்த பெரிய கம்பனி, எங்களுடையதற்கும் விலை சொல்லியிருந்தது. விற்கக்கூடாது என்பவர்களைக் கையுயர்த்தச் சொன்னார் முதலாளி. நூற்று நாற்பத்து மூன்று கைகள். விற்கலாம் என்று ஒன்பது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன் நான். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய கம்பனி மதுச்சாலைகளுக்குக் கடன் கொடுத்துத் தன் பியரை மட்டும் விற்கவைக்கிறது, நாமும் கொடுத்தாகவேண்டும், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குத் தனிப் பியர் காய்ச்சவேண்டும், அதற்காகப் புதிய பங்குகள் விற்கிறோம் என்றார். பங்கொன்று ஐந்நூறு குரோணர். போத்தல் கழுவும் பகுதியில் என்னோடு வேலை செய்த மன்னார் அண்ணை என் சட்டைக் கையைப் பிடித்திழுத்தார்.

"ஒரு நாட்டையே விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். நீ பியர்க் கொம்பனியைக் காப்பாத்தப் போறியே? அதுவும் குடியாதவன்."

"நூற்றி நாப்பத்து மூண்டு பேர், அண்ணை. எண்ணினனான்."

"கையைத்தானே எண்ணினனீ, தம்பி. குடிக்கிறது வாயல்லோ."

எட்டுப் பங்கு வாங்கினேன். தொழிற்சாலை போனால் என் வேலையும் போய்விடும்.

அந்நாளில் டென்மார்க்கின் எல்லாப் பியர்க் கம்பனிகளுக்கும் ஒரே அளவுப் போத்தல்தான். யாருடைய வெறும் போத்தலும் பழைய லேபலோடு எங்களிடம் கழுவ வரும். ஊர் எதைக் குடிக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெட்டிக்கு முப்பது போத்தல். ஊர்க் கடையிலிருந்து வந்த பெட்டிகளில் ஏப்ரலில் எங்கள் லேபல் பெட்டிக்குப் பதினொன்று இருந்தது. ஓகஸ்டில் ஆறு. நத்தார்ப் பியர் அருமையென்று அண்ணை சொன்னார். நத்தார் கழிந்து வந்த பெட்டியில் நான்கு. பெரிய கம்பனி விலையைக் குறைத்திருந்தது. முதலாளியிடம் சொன்னேன். தன் ஊர்ச் சனம் தன்னைக் கைவிடாது என்றார். முன்வரிசையில் கையுயர்த்திய ஆசிரியரை ஒரு நாள் கடையில் கண்டேன். தள்ளுவண்டியில் பெரிய கம்பனியின் பெட்டி. அவர் கூச்சப்படவில்லை. நம்முடைய தொழிற்சாலை எப்படிப் போகிறது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

அடுத்த வைகாசியில், கடன் கொடுத்திருந்த வங்கி தொழிற்சாலையின் கதவைப் பூட்டியது. கடைசிக் கூட்டத்துக்கு என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் வந்தார்கள். கடன்காரர்களுக்குக் கொடுத்தபின் பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பியருக்கு ஈடில்லை என்று இன்றும் அந்த ஊரார் பெருமூச்சு விடுகிறார்களாம். எட்டுப் பங்குக்கு நாலாயிரம், அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த பஸ்ஸுக்கு இருபத்து நான்கு. ஆக, நாலாயிரத்து இருபத்து நான்கு குரோணர்.