வேட்டைக்காரருக்குப் பிக்கப் விற்கிறேன்

குடும்பக் கார் வாங்க வருகிறவர் விலையைக் கேட்பார். வேட்டைக்குப் பிக்கப் வாங்க வருகிறவர் முதலில் குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்ப்பார்.

ஜேர்மனியில் பீலெஃபெல்டுக்கு வெளியே, காட்டோரமாக இருக்கிற பழைய வாகன விற்பனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேதான் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்தேன். வேட்டைத் துவக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் முதலாளி வேட்டைக்காரரையெல்லாம் என்னிடம்தான் தள்ளிவிடுவார். கடையில் நின்று நின்று கால் வீங்கின ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும்.

முதலில் நாய்

மெலிந்த மனுசர் ஒருவர் தன் வேட்டை நாயோடு வந்தார். பளபளவென்று உயரமாக ஒரு பிக்கப், கீறல் விழுந்த, உயரம் குறைந்த பிக்கப் ஒன்று, இரண்டையும் காட்டினேன். இழுவைச் சக்தி, டீசல் செலவு எல்லாம் விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே இரண்டின் பின்கதவையும் திறந்துவிட்டார். உயரமானதில் நாய் முன்னங்காலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. மற்றதில் ஒரே தாவலில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"உயரமானது ஓடினது குறைவு" என்று இழுத்தேன். அவர் பின்கதவைச் சாத்தினார். "காட்டுக்குள்ள மோப்பம் பிடிக்கிறது அவள். அவள் ஏறாத வாகனத்தில நான் ஏறி என்ன செய்ய?"

சேறு

சொந்தமாக வேட்டைநிலம் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு பெண், மழை விட்ட கையோடு ஒரு பிக்கப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். காட்டுப் பாதையில் ஏறினோம். "நாலு சில்லும் இழுக்கும், பயப்பிடாதேங்கோ" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, பிக்கப் புதைந்துவிட்டது. ஏறினதே தார் ரோட்டுக்குப் போடுகிற ரயரோடு!

அவர் இறங்கினார். விழுந்து கிடந்த கொப்புகளை முறித்துச் சில்லுகளுக்குக் கீழே அடுக்கினார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று தள்ளினார். வெளியே வந்தபிறகு இறங்கிப் பார்த்த என் சப்பாத்தில் ஒன்றைச் சேறு வைத்துக்கொண்டது. விற்பனை போச்சு என்று நினைத்தேன். அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி சொன்னார்: "பிக்கப் நல்லது, ரயர்தான் பிழை. நீங்கள் அதை மாத்தித் தாங்கோ, நான் உங்களுக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்கித் தாறன்."

எங்கட ஆக்கள்

மன்னார்ப் பக்கத்து அண்ணை ஒருவர் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு மனைவியோடு வந்தார். காட்டுப்பன்றியை எப்படிக் கிடத்துவது, இரத்தம் வடிய என்ன வழி என்று அரை மணித்தியாலம் கேட்டார். மனைவி, அந்த அக்கா, பின்தட்டைச் சாணால் அளந்துகொண்டு நின்றா.

"என்னக்கா பாக்கிறீங்கள்?" என்றேன்.

"இவர் பன்றி சுடேக்க சுடட்டும் தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை கோயில் பெருநாளுக்குச் சமைக்கிற கிடாரம் ஏறுமோ எண்டு பாக்கிறன்."

மகள்

தன் அப்பா பிக்கப் பார்க்க வருவதற்குத் தெர்மின் எடுத்து நேரம் குறித்த மகள், அதற்கு முதல் நாளே தனியாகத் தொலைபேசியில் கேட்டார். "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் பலமில்லை. தனியக் காட்டுக்குப் போயிடுவார் எண்டு பயமாயிருக்கு. ஒண்டும் பொருந்தாது எண்டு சொல்லிவிடுங்கோ."

"பொய் சொல்ல ஏலாது. ஆனா வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் மாட்டன்" என்றேன்.

அடுத்த நாள் மகளோடு அப்பா வந்தார். வேட்டைத் தொப்பி, இஸ்திரி போட்ட பச்சைச் சட்டை. இடது காலுக்கு வேலையில்லாத ஓட்டோமற்றிக் பிக்கப்பைக் காட்டியதும் முகம் மலர்ந்தது. கதவைப் பிடித்து ஏறப் பார்த்தார். கால் எழும்பவில்லை. இன்னொருமுறை எத்தனித்தார். பிறகு கதவைப் பிடித்தபடியே, எங்கள் இருவரையும் பார்க்காமல் காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்ல மாட்டேன் என்ற பொய்யைப் பிக்கப்பே சொல்லிவிட்டது.

மகள்தான் வாயைத் திறந்தார். "பக்கத்தில மிதிபலகை போடலாமோ?"

"போடலாம்."

"கைபிடி?"

"அதுவும்."

மகள் சுற்றிப் போய், மற்றப் பக்கக் கதவால் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குத் தானே நகர்ந்து உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார். "சனிக்கிழமையில நான் ஓட்டுறன், நீங்கள் மானைப் பாருங்கோ அப்பா. ஆனா ரேடியோவில என்ர பாட்டுத்தான்."

பிக்கப் வாங்க வருகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று இஞ்சினைப் பார்த்துச் சொல்ல ஏலாது, கூட வந்திருக்கிற ஆளைப் பார்த்தால் அநேகமாகச் சொல்லிவிடலாம்.