பூங்காவனத்தின் வாய்மொழித் தேர்வு

எனக்குப் பொறுமை கம்மி. பூங்காவனத்தோடு ஒரே அறையில் பத்து வாரம் தங்கியதில் அந்தக் கொஞ்சமும் போயிற்று.

1982 கோடையில், பல்கலைக்கழகம் வேலூரில் ஒரு கல்லூரிக் கட்டடத்தை எடுத்துக்கொண்டு, பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலத் தீவிரப் பயிற்சி நடத்தியது. காலையிலிருந்து மாலைவரை தமிழ் பேசக்கூடாது. டேப் ரெக்கார்டரில் நம் குரலை நாமே கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். நான் ஆம்பூரிலிருந்து போயிருந்தேன். தோல் பதனிடும் ஊர்க்காரிக்கு அந்த நாற்றத்தில் மூக்கு செத்துப்போயிருக்கும் என்று கிண்டல் செய்வார்கள், வாய் சாகவில்லை.

பூங்காவனம் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். லுங்கித் தறி ஓட்டிய அவள் கணவர் முந்தின வருஷம் நெஞ்சு நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் பிழைத்ததே மறுபிறவி. இனித் தறிப்பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. அதுவும் தற்காலிக வேலை. இந்தப் பயிற்சியில் தேறினால் நிரந்தரம் செய்கிறோம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பள்ளி நிர்வாகம் சொல்லியிருந்தது.

இலக்கணத்தில் அவள் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டி. பேச்சுப் பாடத்தில்தான் முதல் நாளே நின்றுவிட்டாள். குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால், "மை ஹஸ்பெண்ட்ஸ் நேம் ஈஸ்" வரைக்கும் வருவாள். அப்புறம் வாய்க்குப் பூட்டு. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்ற பயம். அவர் பேர் தணிகைவேல். அதனால் திருத்தணி என்றுகூடச் சொல்லமாட்டாள். பஸ் கண்டக்டரிடம், "சோளிங்கர் தாண்டி, மலக்கோயில் ஊருக்கு ஒரு டிக்கெட்" என்பாள்.

எங்கள் பயிற்சியாளர் சத்தியநாதன் சாருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. "வாய்மொழித் தேர்வுக்கு பம்பாய்லேர்ந்து ஒரு பார்சிக்காரர் வர்றார்மா. மொத கேள்வியே குடும்பந்தான். நீ வாயத் தொறக்கலன்னா, கேள்வியே புரியலன்னு நெனச்சு ஃபெயில் பண்ணிட்டுப் போய்டுவார்" என்றார்.

அன்று மாலை, தமிழ் பேசலாம் என்று ஆனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எங்க வீட்டுக்காரர ஜேக்கப்னுதான் கூப்புடறேன். அவருக்கு இன்னா ஆயிடுச்சு? நாளுக்கு நாள் தொப்பதான் ஜாஸ்தியாவுது."

"ஆவாதுக்கா. நீங்க அவர ஆஸ்பத்திரி கட்டில்ல பாத்ததில்ல. நான் பாத்தவ."

"சரி, வேற ஏதாச்சும் பேர் சொல்லித் தொலையேன். லோகநாதன்னு சொல்லு. பம்பாய்க்காரருக்கு இன்னா தெரியப்போவுது?"

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "எவன் பேரையோ எம் புருஷன்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்கல்லாம் ஒரு டீச்சரா?" அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆங்கிலத்தில்கூட.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் பார்க்க வந்தார். மெலிந்த மனிதர், வாசல் படி ஏறியதற்கே இரைத்தது. நான் பொறுக்கமாட்டாமல் அவரிடமே போட்டு உடைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "சொல்லிடேன் பூங்காவனம். நானே சொல்றேன் இல்ல?" என்றார். அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

தேர்வன்று நாங்கள் எல்லோரும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பார்சிப் பெரியவர் கணவர் பெயரைக் கேட்டார். மறுபடியும், குழந்தையிடம் கேட்பதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பிறகு பென்சிலைக் கையில் எடுத்தார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன்.

"கேள்வி புரிகிறது, ஐயா. பதில் சொல்லமாட்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். அதற்கப்புறம் மடை திறந்துகொண்டது. எங்கள் பக்கம் மனைவி கணவன் பேரைச் சொல்வதில்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்பார்கள். அது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் போன வருஷம் அவருக்கு அடுத்த மூச்சு வருமா வருமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள். இப்படியே போயிற்று. டேப்பில் கேட்டு மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. இலக்கணம் இரண்டு இடத்தில் தடுக்கியது. அவள் நிற்கவே இல்லை. பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தறியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். எங்களுக்கெல்லாம் ஐந்து நிமிஷம் கொடுத்த மனிதர், அவளோடு பேசிக்கொண்டே இருந்தார்.

தேறிவிட்டாள். சத்தியநாதன் சார் வந்து சொன்னதும் அழுதாள். நானும்தான்.

அவள் கணவர் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார். "பாஸாயிட்டா! வேல கெட்டி!" என்று ஓடிப்போய்க் கத்தியது நான்தான். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப எம் பேரச் சொல்லிட்டாளா?"

"சொல்லாமத்தாங்க பாஸ் பண்ணா!"

அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சந்தோஷந்தான் டீச்சர். இல்ல... ஒரு தடவ அவ வாயால கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. பரிட்சைய சாக்கா வச்சாவது."

என் பின்னாலேயே வந்துவிட்ட பூங்காவனம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அதுக்கு மொதல்ல நீங்க நூறு வயசு இருங்க" என்றாள். "அன்னைக்குச் சொல்றேன்."