மாடு தின்ற வசந்தம்

எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. பெற்று வளர்த்தது மூன்று. பெறாமல், மூக்கை மட்டும் துடைத்துவிட்டு வளர்த்ததற்குக் கணக்கில்லை. பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்தவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், மற்றதை வாயால் சொல்லிவிடுவேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினிதான் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் எங்கள் பெருங்களத்தூர் அடுக்குமாடியில் வசந்த விழா என்றார்கள். வீட்டுக் குப்பையை வைத்துக் குழந்தைகள் அலங்காரம் செய்ய வேண்டுமாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் தார் இளகுகிறது, என் முதுகில் வேர்க்குரு பூத்திருக்கிறது. அதுதான் எங்கள் ஊர் வசந்தம். சரி, செய்யட்டும் என்று பார்த்தால் வீட்டில் குப்பை இல்லை. பேப்பர் வாங்குவது நின்று எவ்வளவோ நாளாகிறது. கடைசியில் மருமகள் போனில் ஒரு பெட்டியை வரவழைத்தாள். உள்ளே புத்தம்புது முட்டை அட்டை, புத்தம்புது பாட்டில் மூடி, எல்லாம் குப்பை மாதிரியே. அது வந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டோம்.

பெட்டிக்குள் ஒரு கோந்து ட்யூப் இருந்தது. திறந்து மோந்தேன். மருந்துக்கடை வாடை.

"பாட்டி, வாயில வெச்சிடாதே. பாய்சன்னு போட்டிருக்கு" என்றாள் யாழினி.

அவ்வளவுதான், எனக்கு மைதாப் பசை மணக்க ஆரம்பித்துவிட்டது. பசை மணத்தால் பின்னாலேயே மாடு வராமல் இருக்குமா?

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகை போட்டு, சுற்றிலும் மூங்கில் வேலி கட்டியதுதான் எங்கள் பள்ளி. நடத்தியது ஒரே ஒரு மிஸ். கூட்டுவது, கழுவுவது, அழுகிறதை இடுப்பில் வைத்துக்கொள்வது நான். என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் வேலை. வேலை இருந்த மாதத்தைவிட இல்லாத மாதம் அதிகம். அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். அந்த நேரம் பார்த்து ரயிலடிக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளுக்கு டை கட்டிவிடும் பெரிய பள்ளி ஒன்று வந்தது. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாக டை கட்டிக்கொள்ளப் போய்விட்டன.

"ஜூன்ல புதுசா யாரும் சேரலேன்னா மூடிட வேண்டியதுதான் ஆயாம்மா" என்றார் மிஸ். பிறகு அவரே, "வசந்த விழா வெக்கலாம். அம்மாங்களையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிடலாம். செலவில்லாம, வீட்டுக் குப்பையிலேயே ஜோடிக்கலாம்" என்றார்.

குப்பை கொண்டுவா என்றால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? பழைய பேப்பர், தீப்பெட்டி, பால் கவர், சோடா மூடி எல்லாம் வந்தன. ஒருவன் அவன் தாத்தாவின் பல்செட்டைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இது குப்பையாடா?"

"ராவானா கழட்டிப் போட்டுர்றாருல்ல ஆயா?"

பசை காய்ச்சியது நான். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துத்தம் கலப்பார்கள்; நீலமாக இருக்கும், விஷம். மிஸ் கேட்டார், "துத்தம் போடலியா?"

"பாதிப் பசை காயிதத்துக்குப் போவுது, மீதி இதுங்க வாய்க்குத்தான் போவுது மிஸ். வேணாம்" என்றேன்.

பேப்பர் பூ, பேப்பர் கிளி, வண்ணத்துப்பூச்சி என்று வேலி நெடுகப் பசை சொட்டச் சொட்டத் தோரணம். தாங்களே கட்ட வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றதால் அவர்கள் உயரத்துக்கே கட்டினோம். மாட்டின் வாயும் அதே உயரம்தான் என்று யாருக்குத் தோன்றும்?

விழா அன்று பிள்ளைகளுக்கு முகம் கழுவிப் பவுடர் போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் பக்கத்துத் தெருப் பால்கார ராணியின் செவலை மாடு நிற்கிறது. வேலி மொட்டை. பசை படாத பால் கவர்ப் பூவை மட்டும் மோந்து பார்த்து ஒதுக்கியிருந்தது. வாயோரம் வண்ணத்துப்பூச்சியின் ஒரு இறக்கை. என்னைப் பார்த்ததும் அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். அதே நேரம் அம்மாக்கள் வேலிப் படலைத் திறந்து வருகிறார்கள். அவர்களை இடித்துக்கொண்டு ராணி ஓடி வருகிறாள்.

"அடிப் பாவிங்களா! பசைல துத்தம் கலந்திருப்பீங்களே! என் மாடு போச்சே!"

அம்மாக்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி தன் பையனிடம், "டேய், நீ அந்தப் பசைய வாயில வெச்சியா?" என்றாள். அவன் பெருமையாகத் தலையாட்டினான். மிஸ் முகத்தில் ரத்தமில்லை. எனக்கு என் வீட்டு அடுப்பு அணைவது கண்ணுக்குத் தெரிந்தது.

"துத்தமே போடல ராணி."

"எவ கண்டா? சொன்னா ஆச்சா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீதிப் பசை இருந்த அலுமினியக் குண்டானை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்க ஒரு கை அள்ளித் தின்றேன். உப்பில்லை, ஒன்றுமில்லை. ராணி இன்னும் முறைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கை தின்றேன்.

அழுகை நின்றது. "ஆயா எனக்கு! ஆயா எனக்கு!" என்று பிள்ளைகள் குண்டானைச் சுற்றிக்கொண்டார்கள். ராணியும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் வெல்லம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா" என்றாள். மாடு ஏப்பம் விட்டது.

பையனைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா பார்த்துவிட்டுப் போக வந்த ஒரு அம்மா, "எல்லாரும் போடறதை நீங்க ஏங்க போடல?" என்று கேட்டார்.

மிஸ் முந்திக்கொண்டார். "எங்க ஆயாம்மா புள்ளைங்க வாயை நம்பவே மாட்டாங்க."

"அப்ப இவனை இங்கியே சேத்துடறேன். இவன் செவுத்தையே நக்குறவன்" என்றார் அந்த அம்மா. அவரைப் பார்த்து மற்றவர்களும் மிஸ்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். ஜூனில் பள்ளி திறந்தது. என் அடுப்பும் எரிந்தது. வயிறு மட்டும் ரெண்டு நாள் கல்லாகக் கிடந்தது. அதை மிஸ்ஸிடம்கூடச் சொல்லவில்லை.

மிஸ் இப்போது இல்லை. பள்ளி இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். ராணியும் மாடுகளை விற்றுவிட்டு மகனோடு கேளம்பாக்கம் போய்விட்டாள்.

எங்கள் அடுக்குமாடி கேட்டில் குழந்தைகள் கட்டிய பூக்கள் ஒரு வாரமாக அப்படியே தொங்குகின்றன. கேட்டில் கட்டும்போது நான்தான், "இன்னும் மேல கட்டுங்க, எட்டிடும்" என்று சத்தம் போட்டேன். "எது எட்டும் பாட்டி?" என்று கேட்டன குழந்தைகள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தேன். பஸ்தான் வந்தது.

போதும் யாழினி. தட்டினதை முதல்லேர்ந்து படி கண்ணு. மாடு வர்ற இடத்துல மட்டும் சிரிக்காமப் படி, பார்க்கலாம்.