அண்ணனுக்குப் பின்னால் ஒரு "ஓனே"

கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து, "அண்ணோனே!" என்று கத்தினாள் என் தங்கை. இத்தாலியில் பலெர்மோ நகரில் வீட்டு வேலைக்குப் போனவள், முதல் தடவையாக விடுமுறையில் வந்திருந்தாள். உள்ளே, என்னோடு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த நண்பர்கள் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்நாளில் என் வயிறு எனக்கு முன்னே நடக்கும். விரித்த கைகள் அதன் சுற்றளவைத்தான் காட்டுகின்றன என்று நினைத்தேன். நண்பர் ஒருவர் சிரித்தும்விட்டார்.

"கோப்பை கழுவப் போய்த் தமிழையும் கழுவிப்போட்டு வந்திட்டியோ?" என்றேன்.

அந்தக் கோப்பை கழுவலில்தான் எங்கள் வீட்டுக் கூரை நின்றது. அது தெரிந்தும் சொன்னேன். அவள் கைகளைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று குசினிக்குள் போனாள். அதன் பிறகு இத்தனை வருடங்களில் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. "சுகமோ அண்ணை? மருந்து எடுக்கிறீங்களோ?" என்பதோடு தொலைபேசி அழைப்புகள் முடிந்துவிடும். சண்டை இல்லை. மரியாதை மட்டும் இருந்தது.

இந்த வருடம் அவளுடைய மகள் வீடியோ அழைப்பில் வந்தபோது, பின்னால் அந்த மகளின் கடைக்குட்டி, தன் தமையனை "பிரத்தெல்லோனே!" என்று துரத்திக்கொண்டு ஓடினான். அது என்ன என்று கேட்டேன். "பிரத்தெல்லோ எண்டா சகோதரன், மாமா. ஓனே போட்டா பெரியவர். சின்னாக்கள் மூத்தவரை ஆசையில அப்பிடித்தான் கூப்பிடுவினம்" என்றாள்.

வெள்ளவத்தைச் சந்தையில் "பெரீய்ய பாரை" என்று மீன்காரர் சொல்லை நடுவில் இழுத்தால், மீன் பெரிதாகிவிடுகிறது. இத்தாலியர் அந்தப் பெரிதை வாலில் ஒட்டுகிறார்கள். அதோடு அன்பும் ஒட்டிக்கொள்ளும் என்பது, சொல்லீறுகளைப் பற்றி வகுப்பெடுத்த எனக்குத் தெரியாமல் போனது. அந்தப் பெயர் மறுபடி கிடைக்காதா என்று ஏங்கத் தொடங்கினேன்.

போன மாதம் அவள் வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். லிஃப்ட் கதவு திறந்ததும் நான் கைகளை விரித்து, அயலவர் எட்டிப் பார்க்க, "தங்கச்சியோனா!" என்று கத்தினேன். பெண்பாலுக்கு "ஓனா" என்று விசாரித்து வைத்திருந்தேன்.

அவள் திகைத்து நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"ஐயோ, ஓனா எண்டா நான் உங்களுக்கு அக்கா! இல்லாட்டி ஆனை! இளையவளுக்கு ஈனா போடோணும். தங்கச்சீனா!"

"ஈனம் மாதிரியெல்லோ கேக்குது."

"பிழையாக் கூப்பிட்டிட்டு இலக்கணம் வேறயோ?"

"அண்டைக்கும் பிழை என்ரதுதான், பிள்ளை. ஆக்களுக்கு முன்னால உன்னை அப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள்.

"தள்ளி நில்லுங்கோ அண்ணோனே, பெட்டி உள்ள வரோணும்."

எனக்குத் தள்ளி நிற்க மனம் வரவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்று வாசலை மறித்துக்கொண்டே நின்றேன்.