செல்வி அக்கா பேரு வந்த பாட்டு

பழைய பேப்பரைக் கொளுத்தி, அந்தச் சூட்டுல சட்டி மேளத்தைக் காய்ச்சுவாங்க... தோல் முறுக்கேறும்போது ஒரு கருகல் வாசனை வரும். அது மூக்குல ஏறினாலே எங்க ஏரியாவுல தெரிஞ்சுடும், யாரோ போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. என் தோஸ்து குமாரோட நைனா செத்த அன்னிக்கு மத்தியானம், அந்த வாசனைக்கு நடுவுலதான் நான் உக்காந்திருந்தேன்.

நேத்து நம்ம குரூப்புல கேட்டீங்களே, பிடிச்ச கவர் வெர்ஷன் எது, பிடிக்காதது எதுன்னு... ஆளாளுக்கு லிங்க்கா போட்டுத் தள்ளிட்டீங்க. எல்லாம் கிடாரை வெச்சுகிட்டு கண்ணை மூடிப் பாடுற பசங்க. என் ரெண்டுக்கும் லிங்க் போட மாட்டேன். ரெண்டும் ஒரே பாட்டு வேற.

ஒரிஜினல் ஒரு சினிமா டூயட். ரேடியோவுல சக்கைப்போடு போட்டது. குமாரோட நைனா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. வேலை முடிஞ்சு வந்து குழாயடியில குளிக்கும்போது, ஹீரோயின் வரியையும் சேர்த்து அவரே பாடுவாரு. தண்ணி பிடிக்க வந்த பொம்பளைங்க குடத்தைக் கீழ வெச்சுட்டு சிரிப்பாங்க.

அதனால சாவுக்கு கானா பாட வந்தவரும் அதே மெட்டைத்தான் எடுத்தாரு.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன்... சாவு கானான்னா சும்மா ஒரு சோகப் பாட்டு இல்ல. பாட்டுக்காரர் முதல்ல வீட்டு ஆள் ஒருத்தரை உக்கார வெச்சு விவரம் கேப்பாரு. செத்தவர் பேரு, தொழிலு, ஆசையா சாப்பிட்டது, விட்டுட்டுப் போற ஆளுங்க பேரு. எல்லாத்தையும் சினிமா மெட்டுல கோத்துடுவாரு. ஒரு பேரு விட்டுப்போனா ஆயுசுக்கும் சண்டை. ஒதுக்கி வெச்ச பேரு வந்துட்டாலும் அதே கதிதான்.

வீட்டு ஆளுங்க அழுதுகிட்டு இருந்ததால, விவரம் சொல்ற வேலையை என் தலையில கட்டினாங்க. குமாரோட அண்ணன் முருகன் வந்து கறாரா சொன்னாரு.

"செல்வி பேரு மட்டும் வரக்கூடாது. வந்துச்சு... நான் மனுசனா இருக்க மாட்டேன்."

செல்வி அக்கா அந்த வீட்டு மூத்த பொண்ணு. ராயபுரத்துல லாஞ்ச்சுல மீன் பிடிக்கப் போற ஒருத்தரை, வேதக்கார வீட்டுப் பையனை, சொல்லாம கொள்ளாம சர்ச்சுல கட்டிகிச்சு. அன்னிலேர்ந்து நைனா அது பேச்சையே எடுக்கல. வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு.

நானும் பாட்டுக்காரர்கிட்ட உஷாராத்தான் சொல்லிகிட்டு வந்தேன். பொண்டாட்டி பேரு, ரெண்டு பையன், சின்னப் பொண்ணு...

"நைனாக்கு இன்னா துன்றதுக்குப் புடிக்கும்?"

"நெத்திலி கருவாட்டுக் கொழம்புண்ணே. அதுவும் செல்வி அக்கா வெச்சாதான் துன்னுவாரு."

"செல்வி யாரு?"

"பெரிய பொண்ணு."

அதுக்குள்ள டீ வந்துச்சு. அந்தப் பேரு வேணாம்னு சொல்லியிருக்கணும். சத்தியமா மறந்துட்டேன்.

பாட்டு ஆரம்பிச்சுது. டூயட்ல ஹீரோ கொஞ்சுற இடம், இங்க ஒப்பாரியா மாறி நெஞ்சைப் பிசையுது. திடீர்னு ஒரு வரி...

"மூத்த பொண்ணு செல்வி வெச்ச கொழம்பை மறந்தியா... நைனாவே..."

தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. மேளம் நின்னுபோச்சு. முருகன் பிளாஸ்டிக் சேரை எட்டி உதைச்சுட்டு வந்து என் சட்டையைப் பிடிச்சாரு.

"எவன்டா பேரு குட்த்தது? நீதானே?"

அப்பத்தான் பாத்தேன்... தெருமுனை ஈபி பெட்டிக்குப் பக்கத்துல செல்வி அக்கா. முந்தானையை வாயில வெச்சுகிட்டு நின்னுச்சு. உள்ள வர தைரியம் இல்ல.

குமாரோட அம்மா காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. அவங்க தலையை நிமிர்த்தி பாட்டுக்காரரைப் பாத்தாங்க.

"இன்னாத்துக்குப்பா நிறுத்திட்ட? அந்தப் பேரை இன்னொரு தபா சொல்லு."

முருகனோட கை என் சட்டையிலேர்ந்து தானா நழுவுச்சு. பாட்டுக்காரர் மறுபடி பாடினாரு. செல்வி அக்கா ஓடி வந்து நைனா கால்ல விழுந்துச்சு. யாரும் தடுக்கல. நான் வெக்கமில்லாம அழுதேன்.

எனக்குப் பிடிச்ச கவர் அதான்.

பிடிக்காதது, இத்தனை வருஷம் கழிச்சு, போன ஞாயித்துக்கிழமை கேட்டது...

டோல்கேட் பக்கம் ஒரு மண்டபம். செல்வி அக்கா பொண்ணுக்கு ரிசப்ஷன். கையில பிரியாணி தட்டு. ஸ்பீக்கர்ல அதே மெட்டு! நெஞ்சுக்கூடு அதிர்ற மாதிரி பேஸு. "மூத்த பொண்ணு செ... செ... செ... செல்வி!" அன்னிக்கு எவனோ போன்ல ரெக்கார்டு பண்ணது எங்கெங்கோ சுத்தி, ரீமிக்ஸா வந்து நிக்குது. பசங்க விசில் அடிச்சு ஆடுறாங்க. கல்யாண மண்டபத்துல சாவுப் பாட்டு! தட்டைப் போட்டுட்டு டிஜேகிட்ட ஓடினேன்.

"நிறுத்துடா கஸ்மாலம்! இது இன்னா பாட்டுன்னு தெரியுமா?"

"செம ட்ரெண்டிங்ணா!"

அடிக்கக் கை ஓங்கிட்டேன். பின்னாடிலேர்ந்து யாரோ கையைப் பிடிச்சாங்க. பட்டுப் புடவையில செல்வி அக்கா.

"வுடுடா, ஆடட்டும்."

"அக்கா, இது நைனா சாவுல..."

"எனக்குத் தெரியாதா? அன்னிக்கு என் பேரைச் சொன்னதுக்கு உன் சட்டையைப் புட்சாங்க. இன்னிக்கு மண்டபமே கத்திகினு கீது... அங்க பாரு."

பாத்தேன். ஆடுற கூட்டத்துக்கு நடுவுல, வேட்டியை மடிச்சுக் கட்டிகிட்டு, முட்டி வலியோட முருகன் அண்ணன். ரெண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழிய "செல்வி... செல்வி"ன்னு கத்துறாரு.

அதைவிட மட்டமான கவரை நான் கேட்டதே இல்ல. ஆனா நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல.