சிங்கப்பூர் அடுப்பும் என் மாமனாரும்

மரக்காணத்தில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, தேக்கு மேசையின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருப்பார். வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படவேண்டியது அதுதான் என்று அவருக்கு ஓர் எண்ணம். இன்று மைக்ரோவேவ் அடுப்பு எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. யாரும் அதற்குத் துணி போர்த்துவதில்லை. எழுபதுகளின் கடைசியில் எங்கள் உப்பளக் கரையில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு வருவது ஏக்கம் அல்ல, ஆத்திரம். இத்தனை காலத்துக்குப் பிறகும் அது ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

வாங்கி வந்தவர் என் கணவர். கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. கைக்குழந்தையோடு விறகடுப்புப் புகையில் நான் இருமுவதைப் பார்த்துவிட்டுப் போனவர், அடுத்த தடவை சிங்கப்பூரிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரும்பக் கப்பலேறுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

“உள்ள நெருப்பு கிடையாது. ரேடியோவுக்கு வர்ற மாதிரி ஒரு அலை. அது சாப்பாட்டுல இருக்கிற தண்ணியப் புடிச்சு ஆட்டுது. அந்த ஆட்டத்துல சூடாவுது. கண்ணாடியும் பீங்கானும் அலைய உள்ள வுட்டுடும். எவர்சில்வர், வெள்ளி எதையும் வைக்காத, பொறி பறக்கும். வெறும் பெட்டிய ஓட்டாத. முட்டைய ஓட்டோட வச்சா வெடிக்கும்.”

எல்லாவற்றையும்விட ஒன்றை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சூடு எங்கும் ஒரே மாதிரி ஏறாது. ஒரு மூலை கொதிக்கும், இன்னொரு மூலை ஆறிக் கிடக்கும். பாதியில் எடுத்துக் கிளறவேண்டும், எடுத்த பிறகும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். அலை பாத்திரத்தைச் சுடவைப்பதில்லை என்பதால் வெளியே தொட்டுப் பார்த்து ஏமாறக்கூடாது.

அவர் போன மறுநாளே என் மாமனார் அடுப்பைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குத் தூக்க வைத்தார். “என் மவன் சம்பாத்தியம். நாலு பேரு பாக்குற எடத்துலதான் இருக்கும்” என்றார். நான் பழையபடி புகைக்குத் திரும்பினேன். உப்பளம் வைத்திருந்த மனிதர் அவர். பாத்தியில் உப்பு வாரும் பெண்கள் ஒரு நிமிடம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டால்கூட வரப்பில் நின்று கத்துவார். மாதா கோயிலில் முதல் வரிசையில் உட்காருவார். தன் முன்னால் இன்னொருவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருப்பதை அவரால் தாங்க முடியாது. அதிலும் அந்த இன்னொருவர் மருமகளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை காட்டினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, “பாத்தீங்களா, நெருப்பே இல்ல!” என்பார். ஒரு நாள் பெருமைக்காக வெள்ளி டம்ளரை உள்ளே வைத்தார். நீலப் பொறி சடசடவென்று பறந்தது. பின்னால் துள்ளி விழுந்தார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

“உலோகம் வைக்கக் கூடாதுங்க மாமா. அவரு சொல்லிட்டுத்தானே போனாரு.”

“என் வூட்டுல எனக்கே பாடம் எடுக்கிறியா? நீதான் இன்னாமோ பண்ணி வச்சிருக்கிற” என்றார். அதன் பிறகு அந்த அடுப்பை நான் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார்.

கோயில் திருவிழா வந்தது. பகல் சாப்பாட்டுக்குப் பங்குச் சாமியாரும் உப்பு வியாபாரிகள் சிலரும் வந்திருந்தார்கள். குழந்தை பசியில் வீறிட்டாள். எனக்குத் தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால்தான். ஆறிப்போன பால் புட்டியைச் சூடாக்க அடுப்படியில் வெந்நீர் வைத்துவிட்டு, அவளை எடுத்துவரக் கூடத்துக்குப் போனேன். கையிலிருந்த கண்ணாடிப் புட்டியை மாமனார் பிடுங்கினார். “இதுக்குப் போய் வெறகு எரிக்கிறா பாருங்க சாமி” என்று சிரித்தபடி அப்படியே பெட்டிக்குள் வைத்து, நேரம் வைக்கும் குமிழைத் திருப்பினார். எவ்வளவு திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. மணி அடித்தது. எடுத்தார். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “வெதுவெதுன்னு பதமா இருக்குது” என்றார். குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். “மாமா, குடுக்காதீங்க. மேல இருக்கிற பாலு கொதிச்சிருக்கும். கண்ணாடியத் தொட்டாத் தெரியாது.”

“தொட்டுப் பாத்துட்டுத்தானே சொல்றேன்? தள்ளிப் போ.”

“அப்ப உங்க கையில ஊத்திப் பாருங்க.”

 எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பின்வாங்க அவருக்கு வழியில்லை. புட்டியை என்னிடம் நீட்டினார், மணிக்கட்டையும் நீட்டினார். “ஊத்து. எல்லாரும் பாக்கட்டும்.”

மூடியைக் கழற்றி ஊற்றினேன்.

அவர் போட்ட கூச்சல் தெருவரைக்கும் கேட்டது. தோல் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் கிளம்பியது. மடியிலிருந்து நழுவிய குழந்தையை நான் பிடித்துக்கொண்டேன். அவளுடைய உதடுகளைத்தான் பார்த்தேன். அவர் கையைப் பார்க்கவில்லை. புண்ணில் போட யாரோ வாழை இலை வெட்ட ஓடினார்கள். “வெளிய போடி! இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத!” என்றார் மாமனார். சாமியார் தன் சாப்பாட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வியாபாரிகள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் கண்ணெதிரே நடந்ததை, அவர் நாலு நாளில் வேறு கதையாக்கிவிட்டார். மருமகள் கொதிக்கிற பாலைக் கொண்டுவந்து மாமனார் கையில் கொட்டிவிட்டாளாம். சாட்சிகள் அப்போதும் குனிந்தே இருந்தார்கள்.

அன்றே பஸ் பிடித்துக் கிளியனூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். கப்பல் கரைக்கு வந்ததும் என் கணவர் முதலில் போனது அப்பாவிடம். பிறகுதான் என்னிடம் வந்தார். “அப்பா கையில தழும்பு நிக்கிது. ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. எல்லாம் சரியாப் பூடும்.”

“அலை எப்படிச் சூடாக்குதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதானே? அந்தப் பாலு பாப்பா தொண்டையில இறங்கியிருந்தா இன்னா ஆவும்னு நீங்களே சொல்லுங்க.”

 தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் பக்கத்தில் போய் அவர் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் மரக்காணம் போய்த் தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளியனூருக்கே வந்துவிட்டார். அப்பா விஷயத்தை அதன் பிறகு என்னிடம் எடுத்ததில்லை. அடுப்பு அங்கேயே கிடந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓடாமல் போய், கடைசியில் அதில் செருப்பு வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது மாமனார் இறந்தார். கணவருக்காகப் போனேன். சவப்பெட்டியில் கையை மடித்து ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். எல்லோரும் நெற்றியில் முத்தம் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், பொம்மையார்பாளையத்திலிருந்து வந்திருந்த மாமனாருடைய தங்கை என் காதருகே குனிந்தார்.

“ஏம்மா, பெரியவரு கையில கொதிக்கிற பால ஊத்தினியாமே. அப்படி இன்னாதான் கோவம் உனக்கு?”

இத்தனை வருஷத்தில் ஏன் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“அவரு கைய நீட்டினாருங்க, ஊத்தினேன். அந்தப் புட்டிய என் பொண்ணுகிட்ட நீட்டியிருந்தா அவ வாயத் திறந்திருப்பா” என்றேன்.