நாலாவது முகவரி

அக்கா பூட்டைத் திறக்கும்போது பூட்டைப் பார்க்க மாட்டாள். தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தபடி விரல் நுனியால் துழாவுவாள். "உள்ள நடக்கிறது கண்ணுக்கா தெரியப்போகுது?" என்பாள். கடைவீதியில் அவளுக்குச் சாவியக்கா என்றுதான் பெயர். நான் அவளுடைய தங்கை. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். கடையில் சாவி வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அது எனக்கு வசதி.

கடன் கட்டாத வீடுகளை வங்கி எடுத்துக்கொள்ளும்போது பூட்டு மாற்ற அக்காவைத்தான் அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் ஒரு படிவத்தை நிரப்பி, புதுச் சாவிகளோடு வங்கியில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு முறை அப்படிப் போன வீட்டில் உடைக்க எதுவும் இல்லை. தரையைக் கழுவித் துடைத்து, திரைச்சீலைகளை மடித்து வைத்து, சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சீட்டு: 'குளியலறைக் குழாய் ஒழுகும். இடப்பக்கம் இறுக்கித் திருப்பவும்.' அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. "கூட்டிப் பெருக்கிக் கொடுத்துட்டுப் போயிருக்காங்கடி" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீடும் அதே வங்கியின் கடனில் வாங்கியதுதான். போன வருஷம் அக்கா ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை இரண்டு இடத்தில் முறித்துக்கொண்டாள். பூட்டுக்காரிக்குக் கை போனால் எல்லாம் போன மாதிரிதான். மாமா சாமான் வேன் ஓட்டிக் கொண்டுவந்த சம்பளம் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் சரியாகப் போனது. எட்டுத் தவணை நின்றுவிட்டது. வங்கியிலிருந்து வந்த கடிதங்களை மாமா வேன் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்.

"நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"கடனுக்கு நல்ல நாள் பார்க்கிற மனுஷன் உலகத்திலயே நீங்க ஒருத்தர்தாங்க!"

கடைசி நோட்டீஸ் பதிவுத் தபாலில் நேராகக் கடைக்கே வந்துவிட்டது. நான்தான் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்கு எந்த வரியையும் தாண்டத் தெரியாது. முதல் பக்கத்தில், வீடு எடுத்துக்கொள்ளப்படும் என்ற இடத்திலேயே மாமா தலையில் கை வைத்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: அறுபது நாளுக்குள் பாக்கியைக் கட்டலாம், அல்லது ஆட்சேபத்தையோ கோரிக்கையையோ எழுதிக் கொடுக்கலாம், அதற்குப் பதில் சொன்ன பிறகே மேல் நடவடிக்கை.

"அதை இன்னொரு தடவை படி" என்றாள் அக்கா.

படித்தேன். தவணைக் காலத்தை நீட்டிக் கொடுக்கும்படி அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். வங்கியில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். பதில் வரவில்லை. அதற்குள் அக்கா கை தேறி, வேலைக்கும் போக ஆரம்பித்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியிலிருந்து வேலைப் பட்டியல் வந்தது. வியாழக்கிழமை நாலு வீட்டுக்குப் பூட்டு மாற்ற வேண்டும். முகவரிகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தவள் நாலாவதில் நின்றேன்.

"என்னடி, எழுத்து புரியலையா?"

"புரியுதுக்கா. நம்ம வீடு."

பட்டியல் போட்டவர் முகவரியை மட்டும் பார்த்திருக்கிறார். பூட்டுக்காரி எங்கே குடியிருக்கிறாள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மாமா நனைந்த கோழி மாதிரி ஸ்டூலில் ஒடுங்கிவிட்டார்.

"நாமளே காலி பண்ணிடலாம். தெருவே பார்க்க வெளியே தள்ளினா மானம் கப்பலேறிடும்."

"மானம் ஏறினா ஏறட்டும். நாம ஏறாம இருந்தா போதும்" என்றாள் அக்கா. சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நான் நாட்காட்டியில் எண்ணினேன். நோட்டீஸ் வந்து நாற்பத்தோரு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் மூன்று பேரும் வங்கிக்குப் போனோம். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "நேரா சொல்லிடறேன்மா. நீங்களா சாவியைக் கொடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது. ஏலம், அது இதுன்னு எதுக்கு அசிங்கம்?"

"சாவி கொடுக்கிறது எங்க தொழில்தான் சார். ஆனா காசு வாங்காம கொடுக்கிறதில்லை. வேற என்ன வழி இருக்குன்னு சொல்லுங்க, தங்கச்சி எழுதிக்குவா."

அவர் சொன்னார். பாக்கியை மொத்தமாகக் கட்டலாம். ஏலத்துக்கு முன்னால் நாங்களே நல்ல விலைக்கு விற்று, கடனை அடைத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தவணைக் காலத்தை நீட்டலாம்.

"நாங்க எழுதிக் கொடுத்ததே அதுதானே. அதை ஏன் சார் கடைசியா சொல்றீங்க?"

"அதுக்கு வருமானம் காட்டணும்மா."

அக்கா பையைத் திறந்தாள். கை தேறிவிட்டதற்கு டாக்டர் கடிதம். வாடகைக் கடையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையிலேயே கடை போட்டால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. அதன் மேல் ஒரு கட்டு ரசீது. "இதெல்லாம் நீங்களே எனக்குக் கொடுத்த கூலி. எனக்குப் பெரிய வாடிக்கை நீங்கதான் சார்."

"சரி, மேலே அனுப்பறேன். ஆனா நாளாகும். அதுவரைக்கும் நடவடிக்கையை நிறுத்த முடியாது."

அக்கா பட்டியலை மேஜைமேல் வைத்தாள். "நாற்பத்தோராவது நாள்லயே என் வீட்டைப் பூட்ட என்னையே அனுப்பறீங்க. எழுதிக் கொடுத்த கடுதாசிக்குப் பதிலும் இல்லை. கீழே இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "இது பட்டியல் போட்டவங்க தப்பு" என்று நாலாவது வரியை அடிக்கப் பேனாவை எடுத்தார். அக்கா காகிதத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தப்புன்னு தனியா எழுதிக் கொடுங்க. இது எங்ககிட்டயே இருக்கட்டும்."

முடிவு சொல்லும்வரை வீட்டின்மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதி வாங்காமல் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "உங்களுக்கும் சேர்த்துத்தான் பேசறேன், சும்மா இருங்க" என்றாள்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனோம். முதல் இரண்டு வீடும் காலியாகக் கிடந்தன. மூன்றாவதில் ஒரு பெண் துணி மூட்டை கட்டிவிட்டு, கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கருவிப் பையைக் கீழே வைத்தாள்.

"துடைக்கிறதை நிறுத்தும்மா. நோட்டீஸ் எங்கே? வந்து எத்தனை நாளாச்சு?"

உறையே பிரிக்காமல் இருந்தது. நான் படியில் உட்கார்ந்து மூன்றாம் பக்கம் வரைக்கும் படித்தேன். முப்பத்தெட்டாவது நாள். அந்தப் பெண் துடைக்கிற துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். படிவத்தில் அக்கா எழுதச் சொன்னது: 'ஆட்கள் குடியிருக்கிறார்கள். பூட்டு மாற்றவில்லை.'

"அடுத்தது?" என்றாள்.

"போதும்க்கா, வீட்டுக்குப் போகலாம்."

"அங்கேதான் போறோம். பட்டியல்ல இருக்கில்ல?"

எங்கள் வாசல் பூட்டு மூன்று வருஷமாக மக்கர் செய்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பூட்டு போடுகிறவளுக்குச் சொந்தக் கதவைப் பார்க்க நேரமில்லை. அன்று கடையிலிருந்த உசத்தியான பூட்டை எடுத்துப் பொருத்தினாள். மாமா கதவைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தபோதுகூட அவர் உள்ளே போகவில்லை.

படிவம் நிரப்பினேன்: 'பழைய பூட்டு மாற்றப்பட்டது. சாவிகள் மூன்றும் வீட்டுக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.' கூலிச் சீட்டையும் சேர்த்து வங்கிக்கு அனுப்பினோம்.

இருபத்தாறு நாள் கழித்துப் பதில் வந்தது. தவணைக் காலம் ஆறு வருஷம் நீண்டது, மாதத் தொகை குறைந்தது. மொத்த வட்டி கூடத்தான் செய்கிறது, அதையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கையெழுத்துப் போட்டாள். இப்போது முன்னறையில்தான் கடை. வங்கி அதற்குப் பிறகு பட்டியல் அனுப்பவில்லை.

அந்த நாலாவது வீட்டுக் கூலியும் வரவில்லை. போன வாரம் அக்கா என்னை உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பாக்கியைக் கட்ட அவர்களுக்கு அறுபது நாள் கொடுத்திருக்கிறோம்.